பதின்மூன்றாவது கிலோமீட்டரில் பாப்பா

பஸ்ஸைப் பிடிக்க ஓடி ஓடித்தான் அவளுக்கு ஓட்டம் பழகியது. காலை ஏழு ஐந்துக்கு வரும் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழு ஐம்பதுக்கு. பல் செட் செய்யும் கூடத்தில் எட்டு மணிக்கெல்லாம் அவள் மெருகு சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். தாமதமாகப் போனால் முதலாளி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு அவளை ஒரு பார்வை பார்ப்பார். அதற்கு நாலு வசவே தேவலை. அதனால் வீட்டு வாசலிலிருந்து நிறுத்தம் வரை தினமும் ஓட்டம்தான், ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் சீப்பு.

ஆறு வருஷம் இப்படி ஓடியபின் ஒரு நாள் பஸ் டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தபடியே சொன்னார்: "அக்கா, முன்னெல்லாம் ஏறினதும் ரெண்டு நிறுத்தம் வரைக்கும் மூச்சு வாங்குவீங்க. இப்ப ஒண்ணையும் காணோம். ஏதாவது ஓட்டப் பந்தயத்துக்குப் பேரைக் குடுங்க. உங்களுக்காக நிக்காம நானாவது நேரத்துக்கு வண்டிய எடுப்பேன்."

பஸ்ஸே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் அந்தப் பேச்சு காதுக்குள் புகுந்த பூச்சி மாதிரி குடைந்துகொண்டே இருந்தது. அந்த வருஷமே பத்து கிலோமீட்டர் ஓடினாள். அடுத்த வருஷம் இருபத்தொன்று. அரை மராத்தான் என்று சொல்கிறார்கள். ஓடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அதில் எதுவும் அரையில்லை. அப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது.

அவள் இருந்த ஊரில் வருஷத்துக்கு ஒரு பந்தயம்தான் நடக்கும். மற்றதற்கெல்லாம் வெளியூர் போக வேண்டும். முதல் இரண்டு பயணங்களுக்குக் கணவர் கூட வந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். மூன்றாவது பந்தயத்துக்கு முந்தின நாள் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நடுமாடியில் நின்றுபோக, அவரால் கிளம்ப முடியவில்லை. பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது. அவர் தங்கையைப் பார்த்து, "பாப்பா, நீ போயேன் துணைக்கு" என்றார்.

அந்த வீட்டில் பாப்பா என்பது நாற்பத்தோரு வயதுப் பெண்ணின் பெயர். கண்ணாடிக் கடையில் பிரேம் பொருத்துகிறவள். "ஒருத்திக்குப் பல்லு, ஒருத்திக்குக் கண்ணு. மிச்ச முகத்த வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று கணவர் கேலி செய்வார். கேலிக்கு இருவருமே சிரிப்பார்கள், ஆனால் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள்.

அதற்குக் காரணம் ஒரே ஒரு கேள்வி. பாப்பாவின் கல்யாண வாழ்க்கை சரிப்படாமல் அவள் இரண்டு பெட்டிகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம், சமையலறையில் நின்று இவள் கணவரிடம் கேட்டாள்: "எத்தனை நாளைக்கு?" வெறுப்பில் கேட்கவில்லை. எந்த அறையை ஒழிப்பது, யாரை எங்கே படுக்க வைப்பது என்ற கணக்கில் வாயிலிருந்து வந்துவிட்டது. திரும்பினால் பாப்பா நடையில் நின்றுகொண்டிருந்தாள். பெட்டியைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை.

பாப்பா சண்டை போடவில்லை. அழவில்லை. தன் சோப்பைத் தானே வாங்கினாள். சாப்பிட்ட கை காய்வதற்குள் தன் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். கூடத்தில் உட்கார்ந்தால் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "ஆமாங்க அண்ணி", "சரிங்க அண்ணி", "வேணாங்க அண்ணி" என்ற மூன்றையும் வைத்துக்கொண்டே வருஷங்களை ஓட்டிவிட்டாள். இவளுக்கும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. முதல் வாரம் கேட்டிருக்கலாம். முதல் மாதம்கூடக் கேட்டிருக்கலாம். அதன்பின் அந்தப் பேச்சை எடுப்பதே ஆறிய புண்ணைக் கிளறுவது மாதிரி ஆகிவிடும் என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டாள். ஆறியிருக்கிறதா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

அந்த மூன்றாவது பயணத்தில் ஆறு மணி நேரம் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் மொத்தம் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். ஆனால் பந்தயம் முடிந்து, இவள் நடக்க முடியாமல் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, பாப்பா கூட்டத்தைத் தோளால் பிளந்துகொண்டு வந்தாள். ஒரு கையில் வாழைப்பழம், மறு கையில் துண்டு. "உங்களுக்கு முன்னாடி எழுபத்தி மூணு பொம்பளைங்க போனாங்க அண்ணி. நான் எண்ணினேன்" என்றாள்.

அதிலிருந்து எல்லாப் பந்தயத்துக்கும் பாப்பாதான். வரைபடத்தை வாங்கி மனப்பாடம் செய்வாள். எந்த இடத்தில் தண்ணீர் மேசை, எங்கே மேடு, எங்கே கழிப்பறை என்று முந்தின நாளே ஒப்பிப்பாள். கால்நகத்தை வெட்டினீர்களா என்று கேட்பாள். பேச்சு வளர்ந்தது, ஆனால் எல்லாம் ஓட்டத்தைப் பற்றித்தான். வீடு வந்து சேர்ந்ததும் மறுபடி நாற்காலி நுனி.

எட்டாவது பந்தயம் ஒரு ஏரிக்கரை ஊரில். இந்தத் தடவை இரண்டு மணி பதினைந்து நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று அவள் ஐந்து மாதம் உயிரைக் கொடுத்துப் பழகியிருந்தாள். முந்தின நாள் பகல் முழுக்க மழை. பஸ் நிலையத்திலிருந்து விடுதிக்கு நடந்து வந்ததில் ஷூ இரண்டும் சேறு அப்பிக்கொண்டன. மாடியில் சின்ன அறை. இரண்டு கட்டில், ஒரு மேசை, பின்பக்கம் ஒரு ஜன்னல். விடுதியை நடத்துகிற அம்மா சூடாகத் தேநீர் கொடுத்து, "நாளைக்கு அஞ்சு மணிக்கெல்லாம் ரொட்டியும் முட்டையும் ரெடியா இருக்கும். வெறும் வயித்தோட போகக் கூடாது, ஆமா" என்று அதட்டலாகச் சொல்லிவிட்டுப் போனார். யாரென்றே தெரியாதவர்களை அதட்டுவதற்கும் ஒரு மனசு வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஏழு மணிக்கே படுத்துத் தூங்கிவிட்டாள்.

காலை நாலரைக்கு எழுந்து ஷூவைத் தேடினால் கட்டிலுக்கடியில் இல்லை.

பாப்பா ஜன்னலருகில் நின்றாள். கையில் வலதுகால் ஷூ. பளிச்சென்று புதுசு மாதிரி இருந்தது, ஈரமாகவும் இருந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"சேறா இருந்துச்சுன்னு கழுவி, காத்துல காயட்டும்னு ஜன்னல் விளிம்புல வச்சேன் அண்ணி. இன்னொண்ணு..."

இன்னொன்று கீழே விழுந்திருந்தது. எட்டிப் பார்த்தாள். பின்பக்கம் ஒரு டயர்க்கடையின் முற்றம். உயரமான மதில். இரும்புக் கதவில் பூட்டு. அரைகுறை வெளிச்சத்தில் அடுக்கடுக்காக டயர்கள், நூறாவது இருக்கும். அதற்குள் ஒரு ஷூ.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கால் ஓட வேண்டிய நாளில் இது. ஆறு மணிக்குப் பந்தயம். எந்தக் கடை திறந்திருக்கும்? ஐந்து மாதம். விடிவதற்கு முன் எழுந்த அத்தனை காலைகள். கோபம் கொதித்துக்கொண்டு வந்தது. "உன்ன யாரு கழுவச் சொன்னா?" என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

பாப்பா அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாமல், ஷூவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அதன் ஈரம் சட்டையில் ஊறுவதுகூடத் தெரியாமல். புருஷன் வீட்டிலிருந்து வந்த நாளில் அழாதவள். கோர்ட்டில் கையெழுத்துப் போட்ட நாளில் அழாதவள்.

தான் முன்பு ஒரு தடவை யோசிக்காமல் கேட்ட கேள்வி என்ன செய்தது என்று அவளுக்குத் தெரியும். நாக்கைக் கடித்துக்கொண்டாள். நிஜமாகவே கடித்தாள், வலித்தது.

"பாப்பா, உன் ஷூவக் குடு" என்றாள்.

"அண்ணி, அது கடையில நின்னு வேலை செய்யறதுக்குப் போடறது. கல்லு மாதிரி கனக்கும். உங்களுக்கு ஒரு அளவு பெரிசு வேற."

"ரெண்டு சாக்ஸ் போட்டுக்கறேன். குடு."

கறுப்பு நிறத்தில் தடித்த அடியோடு இருந்த அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு அறைக்குள் நாலு எட்டு நடந்து பார்த்தாள். டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. பாப்பா அழுதபடியே சிரித்துவிட்டாள். விடுதி அம்மா ரொட்டித் தட்டோடு மேலே வந்து, விஷயம் தெரிந்ததும் தட்டை மேசையில் வைத்துவிட்டு, "டயர்க்கடைக்காரர் வீடு எனக்குத் தெரியும். நீங்க போங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றார். குளியலறையில் போடுகிற ரப்பர் செருப்பு ஜோடியைப் பாப்பாவின் காலடியில் தள்ளிவிட்டார்.

பந்தயம் தொடங்கியதும் அவளுக்குப் புரிந்துவிட்டது, இன்றைக்கு நேரத்தைப் பற்றிப் பேச்சே கிடையாது என்று. கைக்கடிகாரத்தைக் கழற்றி இடுப்புப் பையில் போட்டுக்கொண்டாள். அது ஒரு விடுதலை மாதிரி இருந்தது. மற்ற பந்தயங்களில் அவள் தரையையும் கடிகாரத்தையும் தவிர எதையும் பார்த்ததில்லை. இன்று ஊரைப் பார்த்தாள். வீட்டு வாசலில் தலைக்குக் குளித்த ஈரத்தோடு ஒருவர் நின்று, பல் துலக்கும் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே கை தட்டினார். ஒரு பெண்மணி தோட்டத்துக் குழாயை நீட்டி, வேண்டியவர்கள் காலில் தண்ணீர் பீய்ச்சினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்வையை விட்டு எழுந்து வந்து, மழை ஈரத்தில் நின்று, காகிதக் குவளையை நீட்டுகிற இவர்களுக்கு நான் யார்? அத்தையா, சித்தியா? ஒவ்வொரு மேசையிலும் நின்று நன்றி சொல்லிவிட்டுப் போனாள். ஒரு காவலர் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, "அவசரமில்ல, நிதானமா வாங்க" என்றார். அவர் நிறுத்திய வண்டிகள் எல்லாம் அவளொருத்திக்காக நின்றன.

ஒன்பதாவது கிலோமீட்டரில் இடது குதிகால் எரிய ஆரம்பித்தது. பதினொன்றில் வலது பெருவிரல். பன்னிரண்டில் எரியாத இடம் எது என்று தேட வேண்டியிருந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தாள். கடைசி ஆளுக்குப் பின்னால் வருகிற வண்டி, ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொள்கிற அந்த வெள்ளை வண்டி, இரண்டு திருப்பம் தள்ளி ஊர்ந்து வந்தது. மூன்று மணி நேரம்தான் கெடு. அதற்குமேல் பாதையைத் திறந்துவிடுவார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக, ஏறி உட்கார்ந்துவிடலாமா என்று நினைத்தாள்.

பதின்மூன்றாவது கிலோமீட்டர் ஏரிப் பாலத்தின் மேல் இருந்தது. அங்கே தண்ணீர் மேசைப் பக்கம் ஏதோ ஆரவாரம். எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். பார்த்தால், எதிர்த்திசையிலிருந்து பாப்பா ஓடி வந்தாள். ரப்பர் செருப்பு படார் படாரென்று அடிக்க, இரண்டு கையிலும் ஒவ்வொரு ஷூவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அண்ணி! நில்லுங்க அண்ணி!" என்று கத்தியபடி. பந்தயத்தில் இதுவும் ஒரு பிரிவு என்று நினைத்தார்களோ என்னவோ, அன்று அந்தப் பாலத்தில் அவளுக்குக் கிடைத்த கைத்தட்டல் வேறு யாருக்கும் கிடைக்கவில்லை.

"உக்காருங்க!" என்றாள் பாப்பா. மூச்சு இரைத்தது. "டயர்க்கடைக்காரர எழுப்பி... அவரு டயரையெல்லாம் ஒவ்வொண்ணாப் புரட்டி... அவரு வண்டியிலயே பாலத்துக்கு அந்தாண்ட வரைக்கும் கொண்டாந்து விட்டாரு. அதுக்கு மேல வண்டிய விடல. ஓடியே வந்துட்டேன்."

"எவ்வளவு தூரம்?"

"யாருக்குத் தெரியும்! காலை நீட்டுங்க."

பாதையோரக் கல்லில் உட்கார்ந்து காலை நீட்டினாள். பாப்பா தரையில் மண்டியிட்டு, கறுப்பு ஷூவைக் கழற்றி, சாக்ஸை மெல்ல உரித்தாள். குதிகாலில் காசு அளவுக்குக் கொப்புளம் உடைந்திருந்தது. பையிலிருந்து பிளாஸ்திரியை எடுத்து, கண்ணாடிக் கடையில் மூக்குத் தாங்கியை ஒட்டுகிற அதே கவனத்தோடு ஓரம் மடங்காமல் ஒட்டினாள். ஷூவை மாட்டி நாடாவைக் கட்டினாள், இரட்டை முடிச்சு. குனிந்த தலையில் வகிட்டோரம் நரை ஓடியிருந்தது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவள் அதைப் பார்த்ததில்லை.

"பாப்பா" என்றாள். "அன்னைக்கு, நீ பெட்டியோட வந்து நின்னப்ப... நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. தப்பு. பதினோரு வருஷமா எனக்குத் தெரியும் அது தப்புன்னு."

பாப்பாவின் கை முடிச்சிலேயே நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்து, உதடு ஏதோ சொல்ல வந்தது. அப்புறம் இவளுக்குப் பின்னால் எதையோ பார்த்து அலறினாள்.

"ஐயோ, இதப் பேசற நேரமா இது? வெள்ள வண்டி வருது! எந்திரிங்க! ஓடுங்க அண்ணி, ஓடுங்க!"

முதுகில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினாள். அவள் ஓடினாள். ஷூ இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் சளக் சளக்கென்றது. ஆனால் கறுப்பு ஷூவுக்குப் பிறகு அது காலில் ஒன்றுமே இல்லாதது மாதிரி இருந்தது. கன்னத்தில் வழிந்தது வியர்வையா வேறெதுவுமா என்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. வெள்ளை வண்டி ஓட்டுநர் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குப் பக்கத்திலேயே வந்து, "ஏறிக்கறீங்களாம்மா?" என்று கேட்டார். தலையை ஆட்டினாள். "அப்ப நான் மெதுவாவே வர்றேன். நீங்க முன்னாடி போங்க" என்று வேகத்தைக் குறைத்துக்கொண்டார். அவருக்கும் கை கூப்பிவிட்டுத்தான் ஓடினாள்.

இரண்டு மணி ஐம்பத்து நாலு நிமிடம். எட்டு பந்தயத்திலும் இதுதான் மோசமான நேரம். முடிவுக் கோட்டில் இருந்த அலங்காரத் துணியைப் பாதி அவிழ்த்துவிட்டிருந்தார்கள். பதக்கத்தைக் கழுத்தில் போட்ட பெண், "கடைசி அஞ்சு பேர்ல நீங்க ஒருத்தர்" என்று சங்கடத்தோடு சொன்னாள். "அப்படியா!" என்று அவள் சந்தோஷமாகக் கேட்டதில் அந்தப் பெண் குழம்பிப்போனாள்.

பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் இருவரும் டயர்க்கடைக்குப் போனார்கள். கடைக்காரர் தடித்த மனிதர். நன்றி சொன்னதும் கூச்சப்பட்டுக்கொண்டு டயர் ஒன்றைத் தட்டினார். "நானும் ஓடறதுக்குத்தான் விக்கறேன், நீங்களும் ஓடறீங்க. இதுல என்ன இருக்கு?" என்று சிரித்தவர், உடனே வாயைக் கையால் மூடிக்கொண்டார். மேல்வரிசையில் முன்பல் இரண்டு இல்லை. அதைப் பார்க்காமல் இருக்க அவளால் முடியுமா? கூடத்தின் விலாசத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். "எங்க ஊருக்கு வந்தா கட்டாயம் வாங்க. அளவெடுக்கச் சொல்றேன். மெருகு நானே போடறேன். அப்புறம் கையை எடுத்துட்டே சிரிக்கலாம்." அவர் சீட்டை இரண்டு தடவை படித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

விடுதி அம்மா வழிக்கு ரொட்டி கட்டிக் கொடுத்தார். ரப்பர் செருப்பைத் திருப்பிக் கொடுத்தபோது, வார் அறுந்திருந்ததைப் பார்த்து, "நல்ல ஓட்டம்தான் போல" என்று மட்டும் சொன்னார்.

மத்தியான பஸ்ஸில் பாப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். ஊர் தாண்டி வயல்கள் வந்தபின், வெளியே பார்த்தபடியே பேச ஆரம்பித்தாள்.

"நீங்க கேட்டதுக்கு எனக்கே அன்னைக்குப் பதில் தெரியாது அண்ணி. எத்தனை நாளைக்குன்னு. அதான் அவ்வளவு வலிச்சுது. நீங்க கேட்டதால மட்டும் இல்ல."

அவள் பாப்பாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப சொல்லட்டுமா?" என்றாள் பாப்பா. "நான் எங்கயும் போறதா இல்ல. நீங்க வேணா ஓடுங்க."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. ஒருவரையொருவர் பார்த்தேதான் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அவளுடைய இடது கெண்டைக்காலில் தசை பிடித்து இழுத்தது. "ஐயோ அம்மா!" என்று அவள் போட்ட கூச்சலில் முன் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தவர் துள்ளி எழுந்தார். நடத்துனர் விசிலடித்துவிட்டார். டிரைவர் வண்டியை ஓரங்கட்டினார்.

அப்புறம் பஸ்ஸே அந்தக் காலுக்கு வைத்தியம் பார்த்தது. பாப்பா இருக்கைகளுக்கு நடுவில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பாதத்தைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்தாள். "விரல மேல மடக்கும்மா, மேல" என்றார் ஒருவர். "கீழ, கீழ" என்றார் இன்னொருவர். யாரோ தைலம் நீட்டினார்கள். யாரோ தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்தார்கள். பஸ்ஸில் உப்பு எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. ஒரு கைக்குழந்தைக்காரி, "என்ன ஆச்சு அவங்களுக்கு?" என்று கேட்டாள்.

"இருபத்தோரு கிலோமீட்டர் ஓடியிருக்காங்க" என்றாள் பாப்பா, தலை நிமிராமல், காலைத் தேய்த்துக்கொண்டே. "எங்க அண்ணி."

வலியில் கண்ணீர் கொட்ட, வாய் நிறைய உப்புத் தண்ணீரோடு, அவள் எல்லோரையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.